சிஸ்டம் முன்னால் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறதா? கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி, சேடப்பட்டி, மேலூர், கொட்டாம்பட்டி, தே.கல்லுப்பட்டி வட்டாரங்களில் உள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதியது. மாணவர் வருகை முதல் சம்பளச் சீட்டு வரை எல்லாம் திரைக்குள் போய்விட்டன. இருபத்தைந்து வருடம் கரும்பலகை முன் தைரியமாக நின்றவர்கள் மவுஸைப் பிடிக்கக் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்துக்குப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்யவும் முடியும்.

மத்தவங்க எல்லாம் சட்டுசட்டுனு போடுறாங்க. எனக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்? இது ஏதும் வியாதியா?

வியாதி இல்லை. கணினி அச்சத்தை அளக்க 19 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை ஹைன்சன், கிளாஸ், நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டே வெளியிட்டுவிட்டார்கள். அங்கே படித்தவர்களுக்கே அந்தப் பயம் இருந்தது. அதனால் கிராமம், தமிழ்வழிப் படிப்பு, வயது என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பயத்துக்குள் மூன்று பயங்கள் இருக்கின்றன. மிஷினைக் கெடுத்துவிடுவோமோ என்பது ஒன்று. தப்புச் செய்வதை மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்பது இன்னொன்று. தப்பான விவரம் மேலே போய் விளக்கம் கேட்பார்களோ என்பது மூன்றாவது. முதல் பயத்துக்குப் பெரிய ஆதாரம் கிடையாது. மூன்றாவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆளைப் போட்டு அழுத்துவது இரண்டாவதுதான்.

செல்போன்ல எல்லாமே செய்யறேன். சிஸ்டம் முன்னாடி மட்டும் ஏன் மூளை நின்னுபோகுது?

செல்போனை நீங்கள் யாரும் பார்க்காமல் கற்றுக்கொண்டீர்கள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, தப்பாக அழுத்தி, பின்னால் வந்து, மறுபடி அழுத்தினீர்கள். சிஸ்டம் இருப்பதோ தலைமையாசிரியர் அறையில். நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள், வெளியே பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள்.

கை சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. போனில் தொட்ட இடத்தில் வேலை நடக்கிறது. சிஸ்டத்தில் கை மேசையில் நகர, அம்பு வேறொரு இடத்தில் நகர்கிறது. கண்ணும் கையும் அதற்குப் பழகச் சில நாள் ஆகும். தையல் மிஷினில் கால் ஒரு வேகத்திலும் துணி ஒரு வேகத்திலும் போய் நூல் சிக்குமே, அந்த மாதிரி. பழகும்வரை தடுமாறுவதை அறிவுக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தெரியாம எதையாவது அழுத்திட்டா சிஸ்டம் கெட்டுப்போகுமா?

கீபோர்டில் எந்த எழுத்தை அழுத்தியும் மிஷின் உடைந்துபோகாது. உண்மையில் சிஸ்டத்தைக் கெடுப்பவை வேறு: மேசையில் கவிழ்கிற டீ டம்ளர், ஏறி இறங்கும் வோல்டேஜ், ஃபேனில் அடைத்த தூசி, திருப்பிப் போட்டு அமுக்கப்பட்ட பென் டிரைவ், ஷட் டவுன் செய்யாமல் பிடுங்கப்பட்ட பிளக்.

விவரம் அழிந்துபோகும் என்ற கவலைக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளம். தவறுதலாக அழித்ததை உடனே கன்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தித் திரும்ப வாங்கலாம். சிஸ்டத்திலிருந்து அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய இடத்துக்கே போய்விடும். ஆனால் பென் டிரைவில் இருந்து அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வராது. ஷிஃப்டோடு சேர்த்து டெலீட் அழுத்தினாலும் வராது. உள்ளே இருப்பதை மொத்தமாக அழிக்கும் 'ஃபார்மட்' வேண்டுமா என்று கேட்டால் எஸ்கேப் அழுத்திவிட்டு வெளியே வாருங்கள். உண்மையாகப் பயப்பட வேண்டியவை இந்த மூன்றுதான்.

சிபியு பெட்டியைத் தொட்டா சுருசுருனு இழுக்குது. அதனாலயே பக்கத்துல போக மாட்டேங்கிறேன்.

நீங்கள் பயப்படுவது சரி. முதலில் அதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். சிபியுவுக்குள் இருக்கும் பவர் சப்ளையில் மின் இரைச்சலை வடிகட்டச் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியாகக் கசிகிற மின்சாரம் எர்த் ஒயர் வழியே தரைக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் அது இரும்புப் பெட்டியிலேயே நிற்கும், தொட்டவருக்குச் சுருக்கென்கும். அதுவாக மட்டும்தான் இருக்கும் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது, உள்ளே வேறு கோளாறும் இருக்கலாம்.

பார்க்கச் சொல்ல வேண்டிய இடங்கள் மூன்று. பிளக்கின் பெரிய மூன்றாவது பின் உடைக்கப்பட்டிருக்கிறதா? நடுவில் இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டியிருக்கிறதா? பள்ளிக்குப் பின்னால் உள்ள எர்த் குழி காய்ந்துவிட்டதா? சித்திரை, வைகாசி வெயிலில் கரிசல் மண்ணே வெடித்துக் கிடக்கும்போது எர்த் குழியும் காய்ந்திருக்கும். கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். குழியில் போட்ட உப்பு கரைந்துபோயிருந்தால் கரியும் உப்பும் மறுபடி போட வேண்டும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் சிஸ்டத்தைத் தொட வேண்டாம்.

யுபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 600 விஏ யுபிஎஸ் ஒரு டெஸ்க்டாப்பைச் சுமார் பத்து நிமிடம்தான் தாங்கும். கரண்ட் போனால் அந்த நேரத்தில் சேமித்து மூட வேண்டும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள். அது சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும், அடித்ததெல்லாம் போகும்.

பத்து நிமிஷம் பார்த்தாலே கழுத்து வலி, தலைவலி. எழுத்தும் மங்கலா இருக்கு. சிஸ்டம்னாலே வெறுப்பா இருக்கு.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் என்றால் பயத்தைப் பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைப் பேச வேண்டும். வெள்ளெழுத்துக்குப் போடும் கண்ணாடி பொதுவாக 35 முதல் 40 செ.மீ. தூரத்துக்கு, அதாவது கையில் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்குக் கொடுக்கப்படுவது. மானிட்டர் இருப்பது 55 முதல் 65 செ.மீ. தள்ளி. கீழ்ப்பாதியில் மட்டும் பவர் உள்ள பைஃபோக்கல் போட்டிருப்பவர்கள் அந்தப் பாதி வழியாகத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்குகிறார்கள். பத்தாவது நிமிடத்தில் பிடரி பிடித்துக்கொள்கிறது. எழுத்து தெரியாததால் தப்பு வருகிறது, தப்பு வருவதால் பயம் வருகிறது. 'எனக்கு கம்ப்யூட்டர் வராது' என்று முடிவு கட்டிய பலருக்கு உண்மையில் வராமல் போனது எழுத்துதான்.

வகுப்பில் இருக்கும் மீட்டர் ஸ்கேலை எடுத்து, நீங்கள் இயல்பாக உட்காரும்போது கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை போனாலும் அரசு மருத்துவமனை போனாலும் அந்த எண்ணைச் சொல்லி, 'இந்தத் தூரத்துக்குப் பார்த்துக் கொடுங்க' என்று கேளுங்கள். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. அடியில் புத்தகக் கட்டு வைத்து உயர்த்தியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்குவதற்குக் காசு ஆகாது. பிரவுசரில் கன்ட்ரோலை அழுத்தியபடி கூட்டல் குறியை அழுத்தினால் 110, 125, 150 சதவீதம் என்று வளரும். கன்ட்ரோலும் சைபரும் பழைய அளவுக்குக் கொண்டுவரும். விண்டோஸ் முழுவதற்கும் வேண்டுமென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் 'ஸ்கேல்' என்ற இடத்தில் 125 வையுங்கள். அம்பையும் அதே செட்டிங்ஸில் பெரிதாக்கிக் கறுப்பு நிறத்துக்கு மாற்றலாம்.

டபுள் கிளிக் வரவே மாட்டேங்குது. ஐகான் இழுத்துக்கிட்டுப் போயிடுது.

இரண்டு அழுத்தலுக்கு நடுவில் கை நகர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். டபுள் கிளிக்கையே விட்டுவிடுங்கள். ஒருமுறை அழுத்தி ஐகானைத் தேர்ந்தெடுத்து, கீபோர்டில் என்டர் தட்டுங்கள். அதே வேலை நடக்கும். மவுஸைப் பிடிக்கும்போது மணிக்கட்டு மேசையில் படியட்டும், ஆள்காட்டி விரல் மட்டும் அசையட்டும்.

எமிஸ்ல எல்லாம் அடிச்சு முடிச்சு சேவ் கொடுத்தா சுத்திக்கிட்டே இருக்கு. திரும்ப உள்ளே போனா ஒண்ணும் இல்லை. அழுகையா வருது.

எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதியும் இணையதளத்தில், இப்படி நடப்பதற்கு உங்கள் தவறு பெரும்பாலும் காரணம் இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நெடுநேரம் எதுவும் அழுத்தாமல் இருந்தால் இணையதளம் உங்களை வெளியேற்றிவிடும். ஆனால் திரை பழையபடியே நிற்கும். அதற்குப் பிறகு சேவ் கொடுத்தால் போய்ச் சேர்வதற்கு இடம் இருக்காது. காலையில் மாநிலம் முழுக்க எல்லாரும் வருகை போடும் நேரத்தில் வேகமும் குறையும்.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் தாளில் எழுதுங்கள், பிறகு திரைக்குப் போங்கள். ஒரு மாணவருக்கு ஒரு வரி: ஆதாரில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்களில் பெயர், இன்ஷியல் முன்னாலா பின்னாலா, பிறந்த தேதி, பெற்றோர் செல் எண். 16 இலக்க எமிஸ் எண்ணை நான்கு நான்காகப் பிரித்து எழுதுங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் அடிக்கட்டும். அடித்தவர் திரையைப் பார்த்துத் திரும்ப வாசிக்கட்டும், தாள் வைத்திருப்பவர் சரிபார்க்கட்டும். ஐந்து பேர் முடிந்ததும் ஒரு சேவ்.

சேவ் பட்டனை ஒருமுறை அழுத்தி, மனதுக்குள் முப்பது எண்ணுங்கள். சுற்றுகிறதே என்று நாலைந்து முறை அழுத்தினால் ஒரே விவரம் இரண்டு முறை போக வாய்ப்புண்டு. 'பதிவானது' என்ற செய்தி வந்ததும் செல்போனில் திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டத் தேதியோடு ஆதாரம் இருக்கும். விளக்கம் கேட்பார்கள் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

தப்பாகப் போய்விட்டால்? பல விவரங்களைப் பள்ளி லாகினிலேயே திருத்தலாம், சிலவற்றுக்கு வட்டார அளவில் கேட்க வேண்டும். எந்த மாணவர், எது தப்பு, எது சரி, யாரிடம் எந்தத் தேதியில் சொன்னோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள்.

எக்செல்ல எமிஸ் நம்பர் அடிச்சா ஏதோ 3.3னு மாறுது. சரி பண்ணா கடைசி எண் சைபர் ஆகுது. நான் என்ன தப்பு பண்ணேன்?

எதுவும் பண்ணவில்லை. எக்செல் எந்த எண்ணிலும் முதல் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். 16ஆவது இலக்கத்தைச் சைபராக்கிவிடும். அடித்துவிட்டுப் பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. ஆகவே அடிப்பதற்கு முன்னால் அந்த நெடுவரிசையின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, 'ஃபார்மட் செல்ஸ்' போய், 'டெக்ஸ்ட்' தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். அல்லது ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால், என்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறியை ஒருமுறை தட்டுங்கள். மூலையில் பச்சை முக்கோணம் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

பிறந்த தேதியிலும் இப்படி ஒரு குழி உண்டு. 05-06-2016 என்று அடித்தால் சில சிஸ்டம் ஜூன் 5 என்று எடுக்கும், சில மே 6 என்று எடுக்கும். மாதத்தை எண்ணாகப் போடாமல் ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாக அடித்தால் குழப்பம் தீர்ந்தது.

தமிழ்ல அடிக்கத் தெரியலை. வானவில்ல அடிச்சுத் தந்ததும் வேற சிஸ்டத்துல கிறுக்கல் மாதிரி வருது.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுபவை. அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் போர்வை விலகி ஆங்கிலம் தெரிகிறது. எல்லாச் சிஸ்டத்துக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

கற்க வேண்டிய விசைப்பலகை தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்தது. உயிரெழுத்துக்கள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். 'மதுரை' என்று அடிக்க ஆங்கில விசைகள் கே, எல், டி, எம், ஆர்: ம, த, உ, ர, ஐ. நாம் வகுப்பில் த்+உ=து என்று சொல்லிக்கொடுப்பதைத்தான் கீபோர்டும் செய்கிறது. தமிழ் ஆசிரியர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். முதல் மூன்று நாள் உங்கள் வகுப்பு மாணவர் பெயர்களை மட்டும் அடியுங்கள். அவசர வேலைக்கு, போனில் பேசித் தமிழாக்கி, வாட்ஸ்அப் வெப் வழியாக சிஸ்டத்துக்குக் கொண்டுவருவதிலும் தப்பில்லை.

பிள்ளைக முன்னாடி புரொஜெக்டர் வேலை செய்யலைன்னா மானம் போகுமே?

பாடத்துக்கு முந்தைய நாளே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எச்டிஎம்ஐ ஒயரை இரண்டு பக்கமும் மாட்டி, புரொஜெக்டரைப் போட்டு, விளக்கு தெளிய ஒரு நிமிடம் விடுங்கள். 'நோ சிக்னல்' என்று வந்தால் விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். அடுத்து, புரொஜெக்டரில் 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி எச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். படம் வந்து சத்தம் வராவிட்டால், திரையின் வலது கீழ்மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். முடிந்ததும் ஃபேன் நிற்கும்வரை மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள்.

வீடியோவை நெட்டில் ஓட்டாமல் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் சாக்பீஸை எடுத்துப் பாடத்தைத் தொடங்கிவிடுங்கள். தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் கூப்பிட்டு, 'நீ வாயால சொல்லு, நான் அழுத்துறேன்' என்று சொல்லுங்கள். வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்ற பெருமையில் அந்தப் பிள்ளை பாடத்தையும் கவனமாகக் கேட்கும்.

சின்ன டீச்சர்கிட்ட கேட்டா, 'தள்ளுங்க மேடம்'னு அவங்களே போட்டு முடிச்சிடுறாங்க.

பயம் வருடக்கணக்கில் நீடிக்க முக்கியக் காரணம் இதுதான். அவர் நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் மவுஸ் கை மாறிய அந்த நொடியில் உங்கள் மனதில் பதிவது 'என்னால் முடியாது' என்பதுதான். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். தானே செய்து முடித்த அனுபவம்தான் அதற்கு மிக வலுவான ஊற்று என்பது அவர் கருத்து. அடுத்தவர் செய்வதைப் பார்ப்பதும், 'உங்களால முடியும்' என்று சொல்லக் கேட்பதும் அதற்குப் பிறகுதான்.

அடுத்த முறை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்: 'டீச்சர், நீங்க சொல்லுங்க, நானே அழுத்துறேன். லேட்டானாலும் பரவாயில்லை.' சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு வேண்டுகோள். கையைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் உட்காருங்கள், பின்னால் நிற்காதீர்கள். 'அதுதான், அந்த மேல இருக்குல்ல' என்று சொன்னால் அவருக்கு எது என்று தெரியாது. 'வலது மேல் மூலையில் நீலக் கட்டம்' என்று சொல்லுங்கள். அவர் தேடும் பத்து விநாடியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். லாகினும் பாஸ்வேர்டும் வாங்கி வைத்துக்கொண்டு மொத்தமாகச் செய்துகொடுப்பது உதவி ஆகாது. விவரம் தப்பானால் பதில் சொல்ல வேண்டியவர் லாகினுக்கு உரியவர்தான்.

பழக நேரம் எங்கே? சாயந்தரம் பஸ்ஸை விட்டா ஊர் போய்ச் சேர முடியாது.

சாயங்காலத்தை நம்ப வேண்டாம். மதிய இடைவேளையில் 20 நிமிடம், 15 வேலைநாள் போதும். ஈராசிரியர் பள்ளியென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாறிக்கொள்ளுங்கள், ஒருவர் பிள்ளைகளைப் பார்க்கட்டும்.

முதல் மூன்று நாள் விண்டோஸில் படம் வரைய இருக்கும் பெயின்ட்டில் கோலம் போடுங்கள். கிளிக் செய்து ஐந்து வரிசையில் ஐந்து புள்ளி வைத்து, இழுத்து இழுத்துக் கோடு சேருங்கள். மவுஸ் பழக இதைவிட எளிய வழி இல்லை. வேண்டுமென்றே ஒரு கோட்டைக் கெடுத்துவிட்டு, கன்ட்ரோல் இசட் போட்டுத் திரும்ப வாங்கிப் பாருங்கள். பத்துத் தடவை கெடுத்துத் திரும்ப வாங்கிய கைக்குப் பயம் பாதி தெளியும். அடுத்து மாணவர் பெயர் அடிப்பது, அதைச் சேமிப்பது, மூடிவிட்டு மறுநாள் தேடித் திறப்பது. சேமித்த ஃபைலைக் கண்டுபிடிக்கத்தான் பலர் தடுமாறுவார்கள், அதற்கு மூன்று நாள் கொடுங்கள். கடைசி வாரம் ஏதாவது ஒரு உண்மையான வேலையை ஆரம்பம் முதல் கடைசிவரை நீங்களே முடியுங்கள்.

தலைமையாசிரியரும் வட்டார வள மையப் பயிற்றுநரும் என்ன செய்யலாம்?

அறுபது பேரை ஒரு ஹாலில் உட்காரவைத்து ஒரு திரையைக் காட்டினால் பயம் கூடத்தான் செய்யும். ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர், தெரியாதவர் கையில் மவுஸ். மொத்தக் குழுவுக்கும் நடுவில் 'இன்னும் முடிக்காதவங்க யாரு?' என்று கேட்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியலும் போடாதீர்கள். தனியாகச் சொன்னால் போதும். சிஸ்டத்தை வராண்டா ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்துச் சுவர் ஓரமாகப் போட்டு, உட்காருபவரின் முதுகு சுவரைப் பார்க்கும்படி வையுங்கள்.

ஓடிபி கேட்டாலே பயமா இருக்கு. பேங்க் பணம் போயிடுமா?

நீங்களே லாகின் செய்தபோது வரும் ஓடிபியைத் திரையில் அடிப்பதில் ஆபத்து இல்லை. யாராவது போன் செய்து கேட்கும் ஓடிபியைச் சொல்லக் கூடாது, அவர் கல்வி அலுவலகம் என்று சொன்னாலும் சரி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். நேரம் போகப்போகப் பணத்தை நிறுத்துவது கடினம்.

ஞாயிறு ராத்திரியே நெஞ்சு படபடக்குது, தூக்கம் வரலை.

சிஸ்டத்துக்கு வெளியேயும் அந்தப் படபடப்பு தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416க்கு அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ரிட்டயர்டு ஆக மூணு வருஷம்தான். இனிமே கத்துக்கத்தான் வேணுமா?

முழுவதும் வேண்டாம், மூன்று வேலைகளைக் கற்றுக்கொண்டால் போதும். அரசு ஊழியர் சம்பள விவரங்கள் உள்ள களஞ்சியம் தளத்தில் உங்கள் சம்பளச் சீட்டை நீங்களே இறக்குவது. உங்கள் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுவது. ஒரு பிடிஎஃப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவது. பென்ஷன் வேலைகள் தொடங்கும்போது இந்த மூன்றும் திரும்பத் திரும்பத் தேவைப்படும். பாஸ்வேர்டு மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். பழைய பாஸ்வேர்டு இன்னும் யாரிடமெல்லாம் இருக்கிறது என்று யோசித்துவிட்டு, இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.